ஒரு விரல் நகர்ந்த வாகை

விருதுநகர்,
30.7.2006

அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு அண்ணன் தங்கச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் மதினி குருவம்மாளும் சுகம். மதினியின் முழங்கால் வலி மட்டும் நம் ஊர் வெயில் மாதிரி. குறைகிறதே தவிர போகிறதில்லை. அங்கே திருச்சியில் நீ, இசைவாணி, பிள்ளைகள் எல்லாரும் நலமா?

போன பொங்கலுக்கு வந்திருந்தபோது என் மாதிரி ரயிலைப் பார்த்துவிட்டு நீ ஒன்று கேட்டாய். "பொம்மைதானண்ணே, இதுல ஒரு நூல் கூடுனா கொறைஞ்சா என்ன குடியா முழுகிரும்?" அப்போது மதினி சாப்பிடக் கூப்பிட்டதால் பதில் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் முதல் ஆள் நாலு விரல் நகர்ந்து உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து ஆளுக்கும் தெரியாது. கடைசியில் வருகிறவருக்குத்தான் இலை போட இடமிருக்காது. தண்டவாளமும் அப்படித்தான். நான் ஓரிடத்தில் ஒரு நூல் தவறினால் அங்கேயே வண்டி கவிழாது. ஆறடி தள்ளிப் போய், ஏன் என்றே தெரியாமல், ஒரு பெட்டி இறங்கி நிற்கும். நிஜ வண்டி ஓட்டுகிற உனக்குத் தெரியாததா.

வேலை நன்றாகப் போகிறது. குறுக்குக் கட்டைகளுக்கு மருந்து முக்காத தீக்குச்சி ஒரு சாக்கு கிடைத்தது. பெட்டிகள் எல்லாம் காலண்டர் அட்டை. எஞ்சின் மட்டும் என் பழைய மாணவர் ஜாபர் சாதிக் அபுதாபியிலிருந்து வாங்கி வந்தது. எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. தெருவில் எனக்கு 'குச்சி ரயில் வாத்தியார்' என்று பெயராகிவிட்டது. நேற்று பால்காரர் வெள்ளைத்துரை, "நம்ம ஸ்டேஷன்ல வண்டி எம்புட்டு நேரம் நிக்கும் சார்? ஒரு சீட்டுப் போட்டு வைங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் தரையில் முழங்காலிட்டுத் தண்டவாளம் ஒட்டுகிறவனைப் பார்த்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் மாதத்தில் சிவகாசியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நவம்பர் 18, 19. வேலை இல்லாத நாட்களாதலால் ஆலைக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். நீதான் பச்சைக்கொடி காட்ட வேண்டும். சீருடையில் வா. பிறர் காட்டில் களையெடுத்துப் பிழைத்த நம் தெருவில் எஞ்சின் ஏறிய முதல் ஆள் நீ. இதை நான் மைக்கில் சொல்ல வேண்டும்.

என் காது முன்பைவிட மந்தம். போனில் பாதிப் பேச்சை விழுங்கிவிடுகிறது. கடிதமே எழுது.

அன்புடன் அண்ணன்,
தங்கச்சாமி


திருச்சி,
22.8.2006

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு இசைவாணி எழுதுவது. பிள்ளைகள் சுகம். அக்காவின் முழங்காலுக்குப் பிரண்டையைத் தட்டிக் கட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டார். பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

ஆடி கடைசியில் உங்கள் தம்பி சரக்கு வண்டி கொண்டுபோனபோது உங்கள் பக்கத்து நல்லூரணி நிலையத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டார். இரண்டு பெட்டிகள் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சிவப்பைத் தாண்டியதற்கு மன்னிப்பு கிடையாதாம். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணையில் குற்றம் அவர்மேல் என்று முடிந்தால் வேலை போய்விடும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெரியவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

வளைவில் நிற்கும் வாகை மரத்தின் கொப்பு விளக்கை மறைத்தது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கூட இருந்த உதவி ஓட்டுநர் சண்முகவேலும் அதையே சொல்லியிருக்கிறார். கொப்பை வெட்ட வேண்டியவர் அந்தப் பகுதித் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன் கண்ணுச்சாமி. அவரையும் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவரோ, வண்டி வருவதற்கு முன்பே வெட்டிவிட்டேன் என்கிறாராம். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது கொப்பு கீழே கிடந்தது. எப்போது விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? இவர் சொல்வது நின்றால் அவர் வேலை போகும். அவர் சொல்வது நின்றால் இவர் வேலை போகும்.

துவைத்த சீருடையை வெளியில் காயப்போடக் கூடாது என்கிறார். "வண்டி ஓட்டாதவனுக்கு எதுக்கு யூனிஃபார்ம்னு பாக்குறவுக கேப்பாக" என்றார். கொடியை வீட்டுக்குள் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் எழுதினால் பதில் சொல்வார். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

வணக்கத்துடன்,
இசைவாணி


விருதுநகர்,
30.8.2006

அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு, நாங்கள் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

வேலை நெருக்கடியில் பதில் எழுத முடிந்திருக்காது. பரவாயில்லை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வை. மாதிரியில் ஒரு வளைவும் அதன் முடிவில் ஒரு கைகாட்டி விளக்கும் வைக்கலாம் என்றிருக்கிறேன். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்காருவார்? அவர் கண் தண்டவாளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும்? வளைவில் விளக்கு அவர் கண்ணில் எங்கே படத் தொடங்கும்?

வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்காமல் கரும்பலகையில் எழுதுகிற வாத்தியார் நல்ல வாத்தியார் இல்லை. அதுபோல ஓட்டுநரின் இடத்தில் கண்ணை வைத்துப் பார்க்காமல் ரயில் செய்யக் கூடாது என்று தோன்றுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்த வேலைக்கும் ஓய்வு தேவைதான்.

அண்ணன்,
தங்கச்சாமி


திருச்சி,
18.9.2006

அண்ணனுக்குத் தம்பி பாண்டிராஜ் எழுதுவது. நலம். மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். கண் உயரம் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மீட்டர். விளக்கு எங்கே தெரியத் தொடங்கும் என்பது வளைவைப் பொறுத்தது.

எந்த வளைவு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் இசை எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். நீங்கள் தெரியாத மாதிரி எழுதியது நான் சின்னப் பிள்ளையில் பரீட்சையில் தோற்றபோது, "மார்க்கு கெடக்கட்டும், பேனா நல்லா எழுதுதா?" என்று கேட்ட மாதிரியே இருந்தது.

மரம் மறைத்தது. அவ்வளவுதான் அண்ணே. இதற்குமேல் என்னிடம் கேட்க வேண்டாம்.

தம்பி,
பாண்டிராஜ்


விருதுநகர்,
4.10.2006

அன்புத் தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். உன் மதினி உன் பெயருக்கு மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். உன் கடிதம் கண்டபிறகு என் வேண்டுதலை நான் காலால் செய்தேன். நல்லூரணிக்குப் போய்வந்தேன்.

கேட் கீப்பரிடம் சொல்லிவிட்டு, அளவுநாடாவோடு ஒரு பகல் முழுவதும் அங்கேயே இருந்தேன். வளைவை அளந்தேன், விளக்குக் கம்பத்தை அளந்தேன், வாகை நிற்கும் இடத்தை அளந்தேன். வெட்டிய கொப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. இலையை ஆடுகள் தின்றுவிட்டன, நீளம் மிச்சமிருந்தது. அதையும் அளந்து, அது மரத்தில் இருந்த வெட்டுவாயையும் குறித்துக்கொண்டேன். வெட்டியது முன்னாலா பின்னாலா என்று அதிகாரிகள் வாதாடுகிறார்களே தவிர, வெட்டாத கொப்பு மரத்தில் இருந்தால் விளக்கு மறையுமா என்று யாரும் அளக்கவில்லை.

ஏலே பாண்டி, நான் அதைச் செய்து காட்டப் போகிறேன். கண்காட்சிக்கு வேறெதுவும் வேண்டாம். மாதிரி செய்கிறவர்கள் இடம் போதாமல் நீளத்தைச் சுருக்குவது வழக்கம். நான் ஒரு அங்குலம்கூடச் சுருக்கவில்லை. மூன்று நீளப் பலகைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறேன். நீ சொன்ன மூன்று மீட்டர் உயரம் என் அளவில் ஒரு தீப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்திய உயரம். காலி தீப்பெட்டியில் ஒரு துளை போட்டு ஓட்டுநர் இடத்தில் ஒட்டிவிட்டேன். துளையில் கண்ணை வைத்தால் நீ பார்த்ததை யாரும் பார்க்கலாம். சிவகாசி முழுவதும் பார்க்கட்டும். அதிகாரிகளுக்கும் எழுதிக் கூப்பிடலாம். என் தம்பிமேல் குற்றமில்லை என்று ஊரே சொல்லும்.

இன்னும் மரம் நடவில்லை. காய்ந்த துளசித் தண்டில் மரத்தூளைச் சாயம் தோய்த்து ஒட்டி இலை செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணன்,
தங்கச்சாமி


திருச்சி,
13.10.2006

அண்ணனுக்கு, எல்லாரும் நலம்.

அந்த இடத்தைச் செய்ய வேண்டாம். பழனி மலை ரயிலோ பாம்பன் பாலமோ எதையாவது செய்யுங்கள். அதிகாரிகளுக்கு எதுவும் எழுத வேண்டாம். நான் கண்காட்சிக்கு வரவில்லை. பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குப் பட்டாசு அனுப்ப வேண்டாம். இந்த வருடம் வெடிக்கப் போவதில்லை.

கோபமில்லை. வேண்டாம், அவ்வளவுதான்.

பாண்டிராஜ்


விருதுநகர்,
7.11.2006

அன்புள்ள இசைவாணிக்கு ஆசிகள். உன் அக்கா செய்த அதிரசம் பார்சலில் வந்து சேர்ந்திருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டார்களா?

பாண்டி வேண்டாம் என்று எழுதியபோது பாதிக்குமேல் முடிந்திருந்தது. மண்டபத்தில் சொல்லிவிட்டார்கள், நோட்டீசும் அடித்துவிட்டார்கள். அதிகாரிகள் யாரையும் நான் கூப்பிடவில்லை.

மரத்தை நட்டு, கொப்பையும் வெட்டாமல் முழு நீளத்துக்கு வைத்து, தீப்பெட்டித் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை. பிறகு மரத்தைக் கொஞ்சம் திருத்தி நட்டேன். இப்போது விளக்கு தெரியவில்லை, நன்றாக மறைக்கிறது.

இதையெல்லாம் பாண்டியிடம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. அவன் வராததும் நல்லதுதான். அலைச்சல் வேண்டாம்.

எனக்குக் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை. தீபாவளிப் பலகாரம் சேரவில்லை போலிருக்கிறது.

தங்கச்சாமி


திருச்சி,
24.11.2006

அண்ணனுக்குப் பாண்டிராஜ் எழுதுவது. எல்லாரும் நலம்.

நான் வந்திருந்தேன். இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சீருடையில் இல்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு வரிசையில் நின்றேன். நீங்கள் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்து எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. வேலை அருமையாக இருந்தது அண்ணே. எந்த வளைவில் எவ்வளவு குலுங்கும் என்று என் முதுகுக்குத் தெரியும். அந்தக் குலுக்கல்கூட உங்கள் தீக்குச்சிக் கட்டைகளில் இருந்தது.

என் முறை வந்தபோது நானும் துளையில் கண்ணை வைத்தேன். விளக்கு தெரியவில்லை. நான் எழுதிக் கொடுத்தபடியே இருந்தது. பிறகு தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தேன். நிஜத்தில் அந்த வாகைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கேங்மேன்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதையும் நீங்கள் விடாமல் வரைந்திருக்கிறீர்கள். உங்கள் மரம் அந்தப் பாதையின் நடுவிலேயே நின்றது. பக்கத்தில் ஒரு விரல் தள்ளி, புதிதாக மரத்தூள் பூசி மூடிய ஒரு துளை. நிறம் கொஞ்சம் வெளுப்பு.

நீங்கள் அளந்திருக்கிறீர்கள். அளவுப்படி நட்டுப் பார்த்தபோது விளக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தம்பி பொய்யன் என்று தெரிந்துகொண்டுதான் நகட்டியிருக்கிறீர்கள். ஒரு நூலுக்குச் சண்டை போடுகிற அண்ணன் எனக்காக ஒரு விரல் நகட்டியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அண்ணே, மரம் மறைக்கவில்லை. நான் சிவப்பைப் பார்த்தேன். பக்கத்தில் கல் லோடு ஏற்றும் கிளைத் தண்டவாளத்துக்கும் ஒரு விளக்கு உண்டு. இது அதற்குரியது என்று நினைத்துவிட்டேன். விளக்கைப் பார்த்ததும் இரண்டு பேரும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. சண்முகவேல், "செகப்பு சார்" என்று சொன்னான். "அது நமக்கில்லடா" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. கீழே இறங்கி நின்றபோது கொப்பு தரையில் கிடந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் பொய் தோன்றியது. அவனையும் சொல்ல வைத்தேன்.

எனக்கு முன்னால் வரிசையில் ஒரு பெண் நின்றாள். உங்களுக்கு நினைவிருக்கும். துளையில் பார்த்துவிட்டு, "சார், இதான் எங்க வீட்டுக்காரரு வெட்டாம விட்ட மரமா?" என்று கேட்டாள். கண்ணுச்சாமியின் மனைவி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் தலையாட்டினீர்கள்.

"வெட்டிட்டேன் வெட்டிட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனாரே சார். அம்புட்டும் பொய்யா? நீங்க அளந்து வச்சிருந்தா சரியாத்தான் இருக்கும். எட்டாப்புல எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவுகளாச்சே" என்றாள்.

நீங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டு சும்மா இருந்தோம்.

பாண்டிராஜ்


விருதுநகர்,
8.12.2006

அன்புத் தம்பிக்கு, மதினி நலம். நான் நலமென்று எழுதினால் அது இன்னொரு பொய்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அதை முடித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் மாரிசெல்வி. எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்தான். கணக்கில் விடை தப்பாக வந்தால் அழித்துவிட்டு விடையை மட்டும் சரியாக எழுதும் பிள்ளைகளை நான் வகுப்பில் எழுப்பி நிறுத்துவேன். விடை தெரியாதது குற்றமில்லை, வழியை மாற்றுவதுதான் குற்றம் என்று சொல்வேன். அவளும் அதைக் கேட்டு வளர்ந்தவள். அதனால்தான் நம்பினாள். அவள் தலையில் நான் அடித்தது அந்த நம்பிக்கையால்.

விசாரித்தேன். கண்காட்சி முடிந்த மறுநாளே அவள் கணவனோடு சண்டையிட்டுக் காரியாபட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணுச்சாமி ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போய்க்கொண்டிருக்கிறார். சஸ்பெண்ட் ஆனதை அவரால் தாங்க முடிந்தது. மனைவி நம்பாததைத் தாங்க முடியவில்லை என்று அவர் வீட்டுக்குப் பக்கத்தில் சொன்னார்கள்.

காரியாபட்டிக்குப் போய், ஒரு விஷயம் காட்ட வேண்டும் என்று மாரிசெல்வியைக் கூப்பிட்டேன். "சார் கூப்புட்டா வராம இருப்பனா" என்று கிளம்பி வந்தாள். மூன்று பலகைகளையும் லோடு ஆட்டோவில் ஏற்றி அவள் கணவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு கட்டில்மேல் போட்டேன். கண்ணுச்சாமி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் முன்னாலேயே மரத்தைப் பிடுங்கினேன். மூடியிருந்த துளையைக் குத்தித் திறந்து அதில் நட்டேன். பிறகு மாரிசெல்வியைத் தீப்பெட்டித் துளையில் கண்ணை வைக்கச் சொன்னேன்.

"தெரியுது சார். செகப்பா நல்லாத் தெரியுது" என்றாள்.

"கொப்பு வெட்டாம இருக்கும்போதே இப்படித்தான் தெரியும். வெட்டுனா இன்னும் நல்லாத் தெரியும்."

"அப்ப அன்னைக்கு ஏன் சார் தெரியல?"

"நான் மரத்தை நகட்டி வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"வண்டி ஓட்டுனது என் தம்பி."

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்னவன் நான். அதில் இந்த நாலு வார்த்தைதான் கடினமாக இருந்தது. மாரிசெல்வி கணவன் பக்கம் திரும்பி, "நான் கெளம்புறப்ப ஒரு வார்த்தை தடுத்திருக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டாள். "சாரே செஞ்சு வச்சிருக்காரு. நான் சொல்லியா நம்பப் போற?" என்றார் அவர்.

உன்னைப் பற்றி நான் அதிகாரிகளிடம் சொல்லட்டுமா என்று கண்ணுச்சாமியிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நான் சொன்னா எம்பொழைப்புக்குச் சொல்லுதேம்பாக. நீங்க சொன்னா தம்பியக் காட்டிக் குடுத்தவருன்னு ஒங்களச் சொல்லுவாக. ஓட்டுனவரு வாயால வரட்டும். தை பொறக்கவும் விசாரணைக்குக் கூப்புடுதாகளாம்ல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது மாரிசெல்வி, "போயிட்டு வாங்க" என்றாள். அந்தச் 'சார்' இல்லை.

உன்னை நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை.

அண்ணன்,
தங்கச்சாமி


திருச்சி,
20.12.2006

அத்தானுக்கு இசைவாணி எழுதுவது. பிள்ளைகள் சுகம். அக்கா சுகமா?

உங்கள் கடிதத்தை அவர் என்னிடம் படிக்கக் கொடுத்தார். மனதில் இருப்பதை எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். நான்தான் உங்களை எழுதச் சொன்னேன். ஆறுதலாக நாலு வரி எழுதுவீர்கள் என்று நினைத்தேன். அளவுநாடாவைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று நினைக்கவில்லை. உங்களுக்கு அது பலகையில் ஒட்டின மரம் அத்தான், பிடுங்கி வேறு துளையில் நட்டுவிடலாம். இங்கே நாலு பேர் சோறு.

இதை எழுதிவிட்டு ஒரு நாள் போஸ்ட் செய்யாமல் வைத்திருந்தேன். மீதியையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சண்முகவேல் ஒரு சாயங்காலம் வந்திருந்தார். அவருக்கு மாசியில் கல்யாணம். "அண்ணி, சார் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன். ஆனா அந்தக் கேங்மேன நெனச்சா ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் போனார். அன்றிலிருந்து இவர் தினமும் காலையில் மேஜை முன்னால் உட்காருகிறார். 'மதிப்புக்குரிய ஐயா' என்று எழுதுகிறார். அதற்குமேல் போகவில்லை. கிழித்துப் போடுகிறார். "எங்கன தொடங்கன்னு தெரியல இசை. காரணம் சொன்னா சாக்கு மாதிரி இருக்கு, மன்னிப்புக் கேட்டா நடிப்பு மாதிரி இருக்கு" என்கிறார்.

எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. கிழித்ததைப் பெருக்கி அள்ளுகிறேன்.

இசைவாணி


விருதுநகர்,
27.12.2006

அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு அண்ணன் எழுதுவது. உன் மதினி இப்போது நன்றாக நடக்கிறாள். உன் உடம்பும் மனமும் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் தகுதி எனக்குக் குறைவு. இருந்தாலும் கேட்கிறேன்.

இசைவாணி எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. அவளிடம் சொல். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்படி நேர்ந்தால் இங்கே வந்துவிடுங்கள். பின்கட்டு முழுவதும் ரயில் பலகைகள்தான் கிடந்தன. அவற்றைப் பிரித்து நிறுத்திவிட்டேன். வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். மதினி நேற்றே அங்கே இரண்டு கட்டில் போட்டுவிட்டாள். பெரியவள் மீதிப் படிப்பை இங்கிருந்தே பஸ்ஸில் போய்ப் படிக்கலாம். இந்தப் பக்கத்துக்கு மாற்றல் வாங்க முடியுமா என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இது உன்னைத் தள்ளிவிடுவதற்காகச் சொல்வதில்லை. விழுந்தால் எங்கே விழுவோம் என்று தெரிந்திருந்தால் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டாயாம். பரீட்சை மண்டபத்தில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்கு விடை தெரியாது என்பதற்காக மணி அடிக்கும்வரை வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் குனிந்து, வரிசை கிடக்கட்டும், உனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு வரியை எழுது என்பேன். அந்த ஒரு வரி தாளில் விழுந்ததும் அடுத்த வரி தானாக வரும். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன், பலருக்கு வந்திருக்கிறது.

உனக்கும் அதையே சொல்கிறேன். நாளைக் காலை ஒரு தாளை எடுத்துக்கொள். 'மதிப்புக்குரிய ஐயா' வேண்டாம், காரணமும் மன்னிப்பும் வேண்டாம். 'விளக்கு தெரிந்தது, நான் பார்த்தேன்' என்று மட்டும் எழுதி, அதை இசைவாணியின் கையில் கொடுத்துப் பார்.

அண்ணன்,
தங்கச்சாமி